ஐந்து மில்லிமீட்டரா, எட்டு மில்லிமீட்டரா

1997 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்கத்தாவில் பெஹாலாவிலிருந்து தாரதலா போகும் மினி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது தமயந்திக்கு வலது விலாவுக்குக் கீழே சுளீரென்று ஒரு வலி எடுத்தது. ஒரு பிள்ளை பெற்றவள், வலி தெரியாதவள் இல்லை. ஆனாலும் கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்து, பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணியின் மடியிலேயே சாய்ந்துவிட்டாள். அந்தப் பெண்மணியும் கண்டக்டரும் சேர்ந்து அவளைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டார்கள். தொழிற்சாலை டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் குஹா ஓர் ஊசியைப் போட்டுப் படுக்கவைத்தார். சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும், எதற்கும் வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தமயந்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அப்பா ஏழுமலை குடியாத்தத்திலிருந்து கரக்பூர் ரயில்வே பணிமனைக்கு ஃபிட்டராக வந்தவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, 1973இல் தாரதலாவில் இருந்த அரசுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அது பெரிய பெரிய பம்புகள் செய்யும் இடம். கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கும் தண்டு, வளையம், உருளை எல்லாம் அவளுடைய மேஜைக்கு வந்து, அவள் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் வெளியே போகும். தலைமயிரின் பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். பதினொரு பேர் இருந்த பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். 'மாப் தீதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அளவு அக்கா என்று அர்த்தம். முதலில் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். பிறகு ஃபோர்மனே அப்படித்தான் கூப்பிட்டார்.

ஸ்கேன் எடுத்தது நியூ அலிப்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில். பர்ணாலி சென் என்று முப்பது வயது டாக்டர். நிதானமாக எடுத்தாள். மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல் சின்னதுதான் தீதி," என்று வங்காளத்தில் சொன்னாள். "நிறையத் தண்ணி குடிங்க, தானா வெளிய வந்துடும். இன்னொண்ணும் தெரியுது. பித்தப்பையோட உள்சுவர்ல ரெண்டு பாலிப் இருக்கு. சின்ன மரு மாதிரி. பெரியது அஞ்சு மில்லிமீட்டர்."

"அதனால என்ன?"

"முக்கால்வாசிப் பேருக்கு அது கொழுப்பு சேர்ந்த முடிச்சு. ஒண்ணும் பண்ணாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்துடுங்க, போதும்."

"மீதிப் பேருக்கு?"

பர்ணாலி அவளுடைய வயிற்றில் தடவியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்காகத்தான் ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கச் சொல்றேன்," என்றாள்.

கல் பத்து நாளில் விழுந்துவிட்டது. வலியும் போனது. டாக்டர் குஹா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஐந்து மில்லிமீட்டரெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று மடித்துக் கொடுத்தார். தமயந்தியால் அப்படி மடித்து வைக்க முடியவில்லை. காரணம், அவள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்ட மாடி வீட்டு சந்தியா.

வீட்டுச் சொந்தக்காரர் சுதீர்தாவின் மனைவி அவர். மூன்று வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவருக்குக் கண் மஞ்சளித்தது. உடம்பெல்லாம் அரிப்பு. மஞ்சள் காமாலை என்று கரும்புச் சாறும் இலைச் சாறும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் புற்று வந்து ஈரல் வரைக்கும் ஏறியிருந்தது. காளி பூஜைக்கு முன்னால் போய்விட்டார். கடைசி மாதம் தமயந்திதான் மாடியேறி வெந்நீரில் துணியை நனைத்து அவர் முதுகைத் துடைத்துவிடுவாள். மனித உடம்பில் பித்தப்பை என்று ஓர் உறுப்பு இருக்கிறது என்பதை அவள் நினைத்துப் பார்த்ததே அந்த வீட்டில்தான். கங்கைக் கரை ஊர்களில் இந்த நோய் மற்ற இடங்களைவிட அதிகம் என்று அப்போது வந்த டாக்டர் ஒருவர் வாசலில் நின்று சொன்னதும் அவள் காதில் அப்படியே இருந்தது.

இதை அவள் வீட்டில் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. கணவர் முருகானந்தம் கிதிர்பூர் துறைமுக அலுவலகத்தில் கிளார்க். நல்ல மனிதர். ஆனால் உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. அவருடைய அண்ணன் துரைசாமிக்குப் பதினெட்டு வயதில் குடல்வால் வீங்கியபோது, விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். விடிந்தபோது துரைசாமி இல்லை. அன்றிலிருந்து 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தையை யார் சொன்னாலும் முருகானந்தத்துக்கு முகம் மாறிவிடும்.

ஆறு மாதம் ஏழு மாதமாகி செப்டம்பர் கடைசியில்தான் அடுத்த ஸ்கேனுக்கு நேரம் கிடைத்தது. பர்ணாலி சென் பிரசவ விடுப்பில் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். எங்கே எடுத்தால் என்ன என்று முருகானந்தம் புதிதாகத் திறந்திருந்த ஒரு பெரிய பரிசோதனை நிலையத்தில் திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்குப் பதிவு செய்தார். குளிரூட்டிய கூடம், பளிங்குத் தரை. உள்ளே இருந்த டாக்டருக்கு அன்று அவள் நாற்பதாவது ஆளோ என்னவோ, ஐந்தே நிமிடத்தில் முடித்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். ரிப்போர்ட்டை வெளியே வாங்கிப் படித்த முருகானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எட்டுன்னு போட்டிருக்கு."

"என்ன எட்டு?"

"அஞ்சு இருந்தது எட்டாயிருக்கு தமயந்தி."

மறுநாளே ஒரு நர்சிங் ஹோமில் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தார்கள். அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்தார். பேனாவால் ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம், எட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஏழு மாசத்துல மூணு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கு. இதுக்கு மேல எதுக்குக் காத்திருக்கணும்? அடுத்த புதன்கிழமை காலைல பையோட எடுத்துடலாம். துர்கா பூஜைக்கு வீட்டுல இருக்கலாம்," என்றார்.

தமயந்தி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் முருகானந்தம் சரி என்றுவிட்டார்.

அந்த வாரம் வீட்டில் எல்லோரும் கால்விரலில் நடப்பது போல நடந்தார்கள். பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த மகள் கவிதா, சொல்லாமலே சமையலை எடுத்துக்கொண்டாள். தெருவில் பந்தலுக்கு மூங்கில் கட்டும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. சுதீர்தா ஒரு நாள் படியிறங்கி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "உங்க பௌதிக்கு இப்படி முன்னாடியே தெரிய வரலை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சும்மா இருந்துடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மில்லிமீட்டர் என்பது தமயந்திக்குச் சின்ன அளவே இல்லை. அவளுடைய மேஜையில் அது ஒரு மலை.

வியாழக்கிழமை தொழிற்சாலையில் ஒரு தகராறு. நாற்பது உருளைகள் அவள் மேஜைக்கு வந்தன. அளந்ததில் அத்தனையும் அளவுக்குக் குறைவு. சிவப்புக் கோடு போட்டு அனுப்பினாள். கடைசல் பிரிவிலிருந்து பட்டாபி கோபமாக வந்தார். ஆந்திராக்காரர், கரக்பூரில் வளர்ந்ததால் தமிழ் சரளமாகப் பேசுவார்.

"நானே அளந்தேன் தமயந்தி. சரியா இருந்தது. உன் மைக்ரோமீட்டரைப் பாரு முதல்ல."

"எப்ப அளந்தீங்க?"

"மெஷின்லேருந்து எடுத்ததும்தான்."

"சூட்டோடயா?"

சூடான இரும்பு விரிந்திருக்கும், ஆறினால் சுருங்கும். அளக்கிற பொருள் எந்த நிலையில் இருந்தது என்று கேட்காமல் அளவை நம்பக்கூடாது என்பது அங்கே முதல் வருடப் பயிற்சிப் பையன்களுக்கும் தெரியும். பட்டாபி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். தமயந்தி மைக்ரோமீட்டரைத் துடைத்து உறையில் வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவள் டீ குடித்திருந்தாள். தலைவலி என்று கேன்டீனில் பால் டீயும் வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போனாள். பிப்ரவரியில் பர்ணாலி, முதல் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்று சொல்லி, காலை ஏழரைக்கு வரவழைத்திருந்தாள். பெரிய நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. அளந்தது வேறொருவர், வேறொரு மெஷின், வயிறும் வேறு நிலையில். அப்படியானால் வளர்ந்தது பாலிப்பா, அளவா?

நினைத்த மாத்திரத்தில் மனசு லேசாகிவிடவில்லை. பயம்தான் இரண்டு மடங்காகியது. இது உண்மையிலேயே நியாயமான சந்தேகமா, கத்திக்குப் பயந்து மனசு தேடிக்கொண்ட சாக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. சாக்காக இருந்தால் சந்தியா பௌதியின் மஞ்சள் கண்தான் கதி.

அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து நியூ அலிப்பூர் போனாள். டாக்டர் வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த பெண். வீட்டு விலாசம் கேட்டதற்குத் தர மாட்டேன் என்றாள். தமயந்தி ஒரு தாள் வாங்கி, நின்றபடியே வங்காளத்தில் எழுதினாள். பிப்ரவரியில் நீங்கள் ஐந்து என்று அளந்தீர்கள். இப்போது இன்னொருவர் எட்டு என்கிறார். அன்று நான் சாப்பிட்டிருந்தேன். புதன்கிழமை ஆப்பரேஷன். நீங்கள் அளப்பதில் எவ்வளவு முன்னே பின்னே இருக்கும் என்று மட்டும் எனக்குச் சொல்ல முடியுமா? கீழே சுதீர்தா வீட்டு டெலிபோன் எண்ணைப் போட்டு, எப்படியாவது டாக்டரிடம் சேர்த்துவிடச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள்.

வீட்டில் சொன்னபோது முருகானந்தம் வெடித்துவிட்டார்.

"உன் ஃபேக்டரி வேலையெல்லாம் உடம்புல காட்டாத. படிச்ச டாக்டர் சொல்றாரு எடுக்கணும்னு. இன்னொரு தடவை பார்க்கணுமாம், பார்க்கணுமாம்! எங்க வீட்டுலயும் இப்படித்தான் பார்க்கலாம் பார்க்கலாம்னாங்க."

"நான் வேணாம்னு சொல்லலீங்க. தெரிஞ்சிக்கிட்டு படுத்துக்கறேன்னுதான் சொல்றேன்."

"தெரியறதுக்குள்ள..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கவிதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மா, அப்பா அழுறாங்க மா. கேட்டுக்குப் பக்கத்துல நிக்கறாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாடியிலிருந்து சுதீர்தா கூப்பிட்டார், போன் வந்திருக்கிறது என்று. மறுமுனையில் பர்ணாலி. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"இதுவரைக்கும் என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்லை தீதி. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வர்றேன். ஒரு மணி நேரம்தான் இருக்க முடியும். எதுவும் சாப்பிடாதீங்க, டீ கூட வேண்டாம். அந்த ரெண்டாவது ஃபிலிமையும் எடுத்துட்டு வாங்க."

சனிக்கிழமை முருகானந்தமும் வந்தார். கிளினிக் வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே தமயந்தி படுத்தாள். பர்ணாலி இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். விளக்கை அணைத்து, கருவியை வயிற்றில் வைத்தாள். தமயந்தி திரையைப் பார்க்கவில்லை, பர்ணாலியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொத்தானைத் தட்டும் சத்தம் கேட்டது, ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"எவ்வளவு?"

"இருங்க."

கருவியை எடுத்துவிட்டாள். ஒருக்களிக்கச் சொல்லி முதலிலிருந்து தேடினாள். அதையும் எடுத்துவிட்டு, உட்காரவைத்து மூன்றாம் முறையாகத் தேடினாள். வெளியே வராந்தாவில் முருகானந்தம் தொண்டையைச் செருமுவது கேட்டது. தமயந்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடித்தாள், விடச் சொல்லாததால் விட மறந்துபோனாள்.

"மூணு தடவை எடுத்தேன். அஞ்சு, ஆறு, அஞ்சு." பர்ணாலி விளக்கைப் போட்டு, பெரிய நிலையத்து ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இங்க பாருங்க. சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிடும். சுவர் மடிஞ்சு மடிஞ்சு நிக்கும். பாலிப்போட பக்கத்து மடிப்பையும் சேர்த்து அளந்துட்டாங்கன்னு எனக்குத் தோணுது."

"உங்க கணக்கு தப்பா இருந்தா?"

"ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். மூணு இருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வளராதுன்னு என்னால சொல்ல முடியாது தீதி. இன்னைக்கு வரைக்கும் வளரலைன்னுதான் சொல்ல முடியும்," என்றாள். வேறொரு டாக்டரையும் கலந்துகொள்ளச் சொல்லி ஒரு பெயரை எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பெயர் டாக்டர் வைத்தியநாதன். டாக்குரியா பக்கம் வீடு. பாட்டனார் காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட குடும்பம். அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்தார். திங்கட்கிழமை மாலை போனார்கள். மூன்று ரிப்போர்ட்டையும் படித்தார். வலி உண்டா, காய்ச்சல் உண்டா, கண் மஞ்சளித்ததா என்று வரிசையாகக் கேட்டார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டாக்டர். எடுக்கணுமா, வேணாமா?" என்றார் முருகானந்தம்.

"எடுக்கறதுன்னா எடுத்துடலாம். எனக்கு முக்கால் மணி நேர வேலை. ஆனா எதுக்காக எடுக்கறோம்னு தெரியணுமோன்னோ? பத்து மில்லிமீட்டர் ஆச்சுன்னா நான் யோசிக்கவே மாட்டேன், எடுத்துடுவேன். பத்துக்குள்ளே இருந்தாலும் கூடவே பித்தப்பையில கல் இருந்தா, வலி இருந்தா, வளர்ந்துண்டே வந்தா எடுத்துடணும். உங்க ஆத்துக்காரிக்கு இது எதுவுமே இல்லை. அஞ்சோ ஆறோ மில்லிமீட்டர், ரெண்டு இருக்கு. இந்த மாதிரி இருக்கறதுல பெரும்பாலும் கொழுப்பு முடிச்சுதான்."

"பெரும்பாலும்னா?" என்றார் முருகானந்தம். ஏழு மாதம் முன்பு மனைவி கேட்ட கேள்வி அது என்று அவருக்குத் தெரியாது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நூத்துக்கு நூறு எவனும் சொல்ல மாட்டான். சொன்னா நம்பாதீங்கோ. இங்கே பித்தப்பைப் புற்று ஜாஸ்திதான், நான் இல்லேங்கலை. ஆனா சும்மா இருங்கோன்னு நான் சொல்லலையே! ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன். அப்புறம் வருஷா வருஷம். வெறும் வயித்துல, அதே டாக்டர்கிட்டே, அதே மெஷின்ல. ஒரு தடவையும் தவறக்கூடாது. காத்துண்டிருக்கறதும் வைத்தியம்தான், அதை ஒழுங்கா செஞ்சா. நீங்க செய்வேளா?" கேள்வி தமயந்தியைப் பார்த்துத்தான்.

"செய்வேன் சார்."

புதன்கிழமை ஆப்பரேஷன் வேண்டாம் என்று நர்சிங் ஹோமுக்குத் தமயந்தியே போன் செய்தாள். மறுமுனையில் இருந்தவர், பிறகு வருத்தப்படாதீர்கள் என்றார். அந்த வருடப் பூஜையில் அவள் பந்தலுக்கே போகவில்லை.

காத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதன்பிறகுதான் தெரிந்தது. 98 மார்ச்சில் ஐந்து. 99இல் ஆறு. 2000இல் ஆறு. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் வந்தாலே முருகானந்தம் வீட்டில் எரிந்து விழுவார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார், பேப்பர்காரனிடம் சண்டை போடுவார். ஸ்கேன் முடிந்து அவள் வெளியே வந்து விரலைக் காட்டினால், ஆறு என்றால் ஆறு விரல், அவ்வளவுதான், எழுந்து முன்னால் நடந்துவிடுவார். தமயந்திக்கு எந்த வயிற்று வலியும் வெறும் வயிற்று வலியாக இல்லாமல் போயிற்று. கடுகு எண்ணெயில் பொரித்த மீன் சேரவில்லை என்றாலும் கண்ணாடி முன்னால் போய் நின்று கண்ணின் வெள்ளையைப் பார்ப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளை, குழல் விளக்கில் பார்த்தால் லேசாக மஞ்சள். கவிதாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வாள். "கிச்சு நா, மா. ஒண்ணுமே இல்ல. போ," என்று அந்தப் பெண் பாதி வங்காளத்திலும் பாதித் தமிழிலும் அதட்டி அனுப்பிவிடும்.

99இல் ஐந்து ஆறானபோது முருகானந்தம் ஒரு நாள் முழுக்க வாதாடினார். "வளருது பாத்தியா? இப்பவாவது எடுத்துடு." "ஒண்ணு முன்னபின்ன இருக்கும்னு அவங்களே சொன்னாங்க இல்ல," என்றாள். அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அன்று இரண்டு தடவை பூஜை அலமாரி முன்னால் போய் எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள்.

2001இல் தொழிற்சாலை விருப்ப ஓய்வு கொடுத்தது. பிரிவையே மூடினார்கள். கவிதாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பர்ணாலி அந்தச் சின்ன கிளினிக்கை விட்டு வேறு இடம் மாறியபோது தமயந்தி விசாரித்துக்கொண்டு அங்கேயே போனாள். மெஷின் புதிது என்பதால் முதல் தடவை பழைய மெஷினிலும் புதிதிலும் இரண்டிலும் எடுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பர்ணாலி சிரித்துக்கொண்டே பழைய கிளினிக்குக்குச் சொல்லி ஏற்பாடு செய்தாள். இரண்டிலும் ஆறு.

2003 ஜூலையில் போனபோது மழை. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பர்ணாலி கருவியை வைத்தவள் வழக்கம் போலப் பேசிக்கொண்டே இருந்தாள், தன் மகன் பள்ளியில் செய்த குறும்பைப் பற்றி. நடுவில் பேச்சு நின்றது. பொத்தான் சத்தம். ஒருக்களிக்கச் சொன்னாள். மறுபடி பொத்தான். உட்காரச் சொன்னாள். தமயந்தி ஆறு வருடமாகப் படித்துவைத்திருந்த அந்த முகத்தில் முதல் முறையாக ஏதோ தெரிந்தது.

"சொல்லுங்க," என்றாள் தமயந்தி.

"ஒன்பது. மூணு தடவையும் ஒன்பது. அடி கொஞ்சம் அகலமா இருக்கு. பக்கத்துல சின்னதா ஒரு கல்லும் தெரியுது."

"நான் எதுவும் சாப்பிடல."

"தெரியும் தீதி."

வெளியே வந்து முருகானந்தத்திடம் ஒன்பது விரலைக் காட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமயந்தி கைகளை இறக்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடுத்துடலாங்க. நேரா டாக்டர் வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்ப வேணாம் வேணாம்னு அந்தப் பாடு படுத்தின. இப்ப ஒரு வார்த்தை சொல்லல நான், நீயே எடுக்கலாங்கற."

"அப்ப அந்த அளவு நம்புறாப்ல இல்ல. இப்ப இருக்கு."

வைத்தியநாதனுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, கத்தி பிடிப்பதை நிறுத்தியிருந்தார். தன் மாணவர் ஒருவரிடம் அனுப்பினார். எட்டு நாளில் நான்கு சின்னத் துளை வழியாகப் பையை எடுத்துவிட்டார்கள். கவிதா பெங்களூரிலிருந்து வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தாள். ஆப்பரேஷனை விட அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர ஒரு வாரம் என்றார்கள். ஒரு வாரம் பத்து நாளாயிற்று. தமயந்தி கட்டிலில் படுத்துக்கொண்டு, 97இல் தான் சொன்ன 'வேண்டாம்' என்ற வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். முடிவு மோசமாக வந்தால் அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது என்று முருகானந்தம் மீதி நாளெல்லாம் நினைப்பாரே, அதை வாய்விட்டுச் சொல்லாமலே இருப்பாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பதினோராம் நாள் காலை முருகானந்தம் ரிப்போர்ட் வாங்கப் போனார். தமயந்தியும் வருவேன் என்று டாக்ஸியில் ஏறிக்கொண்டாள். உறையை அவரால் பிரிக்க முடியவில்லை. அவள் வாங்கிப் பிரித்தாள். முதல் பக்கத்தில் பெயர், வயது. இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தாள்.

"அடினோமான்னு போட்டிருக்கு. புற்று இல்ல. எங்கயும் இல்லன்னு எழுதியிருக்காங்க."

ஆப்பரேஷன் செய்த டாக்டர் விளக்கினார். இரண்டில் சின்னது வெறும் கொழுப்பு முடிச்சு. பெரியது அப்படியில்லை. நல்ல கட்டிதான், ஆனால் விட்டுவைத்திருந்தால் வருடம் போகப்போக என்னவாக மாறும் என்று சொல்ல முடியாத வகை.

"அப்படின்னா தொண்ணூத்தேழுலயே எடுத்திருக்கணும் இல்லையா?" என்று முருகானந்தம் கேட்டார். ஆறு வருடம் நெஞ்சில் வைத்திருந்த கேள்வி. தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுத்திருந்தா தப்பில்லை. உங்களுக்கு இந்த ஆறு வருஷக் கவலை மிச்சமாகியிருக்கும். ஆனா அன்னைக்கு இருந்த அளவுக்கு நானும் எடுத்திருக்க மாட்டேன். இவங்க ஒரு வருஷம்கூட விடாம வந்தாங்க பாருங்க, அதனாலதான் சரியான நேரத்துல கண்டுபிடிச்சோம். ஒரே ஒரு வருஷம் விட்டிருந்தாலும் இப்ப என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாது," என்றார் டாக்டர்.

படியிறங்கும்போது முருகானந்தம் பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் ஏறியிறங்கும் ஆஸ்பத்திரிப் படி. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "எங்கண்ணன் மாதிரி உன்னையும் விட்டுட்டோம்னு நினைச்சிட்டேன் தமயந்தி. ஒவ்வொரு வருஷமும் நினைச்சேன்," என்றார். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் செய்ததுதான் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அவர் எழுந்திருக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம், நன்றாக நடக்க முடிந்ததும், ரிப்போர்ட்டின் நகலை எடுத்துக்கொண்டு பர்ணாலியைப் பார்க்கப் போனாள். நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளும் எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். உள்ளே போனதும் பர்ணாலி பழக்கத்தில் கட்டிலைக் காட்டினாள்.

"அளக்க வரலை. இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

பர்ணாலி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். வெட்டி எடுத்த பிறகு அளந்த அளவு அதில் இருந்தது, ஒன்பது மில்லிமீட்டர். அந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"என்கிட்ட வர்றவங்கள்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது தீதி," என்றாள். "அளந்து அனுப்பிடுவேன். அவ்வளவுதான். யாரும் திரும்பி வந்து சொல்றதில்லை." தாளை மடிக்கப் போனவள், "இதை நான் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

"உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன்," என்றாள் தமயந்தி. வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.